முனி அடிக்கவில்லை

"நீ ரத்தம் கக்கித்தாண்டா சாவ."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சாபம் புதிதல்ல. தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் கேட்டிருப்போம். ராத்திரியில் தனியாக நடந்தவனை முனி அறைந்த கதையிலும் கேட்டிருப்போம். ரத்தம் கக்கிச் சாவது நம் ஆட்களுக்கு வெறும் சாவு அல்ல, ஒரு தீர்ப்பு. செத்தவன் ஏதோ தப்பு செய்திருக்கிறான்.

என் தாய்மாமா 2008ஆம் ஆண்டில் அப்படித்தான் இறந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கெடாவில் அவர்கள் இருந்த லயத்து வீட்டின் பின்புறம், குளியலறை வாசலில் உட்கார்ந்து வாளி வாளியாக ரத்தம் எடுத்தார். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'தலை சுத்துது' என்று மட்டும்தான் சொன்னார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே நினைவு போய்விட்டது. 47 வயது.

சாவு வீட்டில் இரண்டு விளக்கங்கள் இருந்தன. கோயில் மரத்தின் கிளையை மாமா வெட்டியதால் முனி அடித்துவிட்டது என்பது ஒன்று. 'வெளிய தெரியாம குடிச்சிருப்பான்' என்பது இன்னொன்று. முனிக் கதை முப்பதாம் நாளுக்குள் மறைந்துவிட்டது. குடிக் கதை நிலைத்தது. சில ஆண்டுகள் கழித்து மாமாவின் மூத்த மகளுக்கு வந்த வரன் ஒன்று கைநழுவிப் போனபோது, மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணமும் அதுதான். குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்களாம்.

மாமா குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் 'தெரியாம' என்ற சொல்லுக்கு யாரால் பதில் சொல்ல முடியும்?

போன ஆண்டு அத்தை சுங்கைப் பட்டாணியில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது சாமான் கட்டப் போனேன். பிறப்புப் பத்திரங்களும் பழைய அடையாள அட்டையும் இருந்த பிஸ்கட் டின்னில் நான்காக மடித்த ஒரு கடிதம் கிடைத்தது. மாமா இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு ஆங்கிலத்தில் எழுதியது. சிரோசிஸ். போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன். உணவுக்குழாயில் புடைத்த சிரைகள். ஹெபடைடிஸ் பி ரியாக்டிவ். மதுப்பழக்கம்: இல்லை.

படித்துச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டாக்டரு ஈரல்ல வீக்கம்னு சொன்னாரு. குடிக்கிறதக் கொறைக்கச் சொன்னாரு. எதக் கொறைக்கிறதுன்னு நாங்க கேக்கல" என்றார்.

நான் மருத்துவன் அல்ல. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துவிட்டு, பாமாயில் ஆலை ஒன்றில் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தில் எனக்குப் புரிந்த ஒரே சொல் 'டென்ஷன்', அதாவது அழுத்தம். அங்கிருந்துதான் தேடத் தொடங்கினேன்.

குழாய்க்காரர்களின் காலம்

நம் உடம்பில் ரத்தம் பெரும்பாலும் இதயத்திலிருந்து உறுப்புக்கும் உறுப்பிலிருந்து இதயத்துக்கும் போய்வரும். குடல், வயிறு, மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் ரத்தம் மட்டும் நேராக இதயத்துக்குத் திரும்புவதில்லை. எல்லாம் போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் சேர்ந்து கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே சைனுசாய்டு எனப்படும் மிக நுண்ணிய வழிகளில் வடிகட்டப்பட்டுத்தான் இதயத்துக்குப் போகும். நாம் சாப்பிட்ட எதுவும், குடலில் வாழும் கிருமிகளின் கழிவும்கூட, முதலில் இந்தச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும்.

இந்தப் பாதையின் அழுத்தம் அற்பமானது. கல்லீரலுக்குள் நுழையும் பக்கத்துக்கும் வெளியேறும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பாதரச அளவில் 1 முதல் 5 மில்லிமீட்டர். 10ஐத் தொட்டால் ஆபத்து. 12க்கு மேல் போனால், மாற்றுப் பாதையாகப் புடைத்துக்கொண்ட உணவுக்குழாய்ச் சிரைகள் வெடிக்கலாம். எங்கள் ஆலைக் கொதிகலன் 20 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. அந்த 12 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தண்ணீர் உயரமாகச் சொன்னால் ஒரு சாண்கூட வராது.

பாதரச மில்லிமீட்டரால் ரத்த அழுத்தத்தை அளக்கக் கற்றுக்கொடுத்தவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசே. 1828இல் பாதரசம் நிரப்பிய குழாயால் விலங்குகளின் ரத்த அழுத்தத்தை அளந்தார். நுண்குழாயில் திரவம் எப்படி ஓடும் என்ற அவரது விதியை நாங்கள் இரண்டாம் ஆண்டில் படித்தோம். குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகும். பத்து விழுக்காடு சுருங்கினாலே தடை ஒன்றரை மடங்கு. தேர்வுக்கு மனப்பாடம் செய்த இந்தச் சூத்திரத்துக்குள் என் மாமா இருந்தார் என்று அப்போது தெரியாது.

அடைப்பைக் கண்டால் என்ன செய்வோம்? பைபாஸ் போடுவோம். 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் எக் என்ற ராணுவ மருத்துவர் அதைத்தான் செய்தார். எட்டு நாய்களில் போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்குப் போகாமல் கட்டி, பக்கத்திலுள்ள பெருஞ்சிரையோடு இணைத்தார். ஏழு நாய்கள் சில நாட்களில் செத்தன. ஒன்று மட்டும் இரண்டரை மாதம் இருந்தது. வயிற்றில் நீர் கோக்கும் மனிதர்களுக்கு இது உதவலாம் என்று எழுதிவிட்டு எக் போருக்குப் போய்விட்டார்.

1893இல் அதே நகரத்தில் பாவ்லோவும் அவரது கூட்டாளிகளும் அதே அறுவையைத் திரும்பச் செய்தார்கள். மணியடித்தால் எச்சில் ஊறும் நாய்களால் பின்னாளில் பெயர் பெற்ற அதே பாவ்லோவ்தான். நாய்கள் பிழைத்தன. ஆனால் இறைச்சி சாப்பிட்டால் தடுமாறின, வலிப்பு வந்தது, மயங்கி விழுந்தன. கல்லீரல் செய்துவந்த வேலையை பைபாஸ் செய்யவில்லை. அழுத்தத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு முதல் எச்சரிக்கை இது.

எச்சரிக்கை காதில் விழவில்லை. 1945இல் நியூயார்க்கில் விப்பிள், பிளேக்மோர் போன்ற அறுவை மருத்துவர்கள் மனிதர்களுக்கு இந்த இணைப்பைச் செய்து வெற்றி கண்டார்கள். உலகெங்கும் அது பரவியது. 1966இல் மூன்று அமெரிக்க மருத்துவர்கள் அதுவரை வந்த 51 ஆய்வுகளை எடுத்து எளிய கணக்கு ஒன்று போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க யாரையும் வைத்துக்கொள்ளாத 32 ஆய்வுகளில் 24 இந்த அறுவையைத் தூக்கிவைத்துக் கொண்டாடின. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து முறையாக ஒப்பிட்ட 4 ஆய்வுகளில் ஒன்றுகூடக் கொண்டாடவில்லை. ரத்தப்போக்கு நின்றது. ஆனால் ஆயுள் நீளவில்லை. பலருக்குப் பாவ்லோவின் நாய்களுக்கு வந்த குழப்பமே வந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் பைபாஸ்தான் போட்டிருப்பேன். குழாய் எதனால் சுருங்குகிறது என்று கேட்காமல் குழாயை மாற்றுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடக்கிறது.

தப்பான பெயர்ப்பலகை

எக் நாய்களை அறுப்பதற்கு ஓராண்டு முன்பு, 1876இல், கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர் என்ற உடற்கூறியலாளர் கல்லீரலில் நரம்புகளைத் தேடினார். தங்க உப்புக் கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். தேடிய நரம்புகளைவிட நட்சத்திர வடிவ அணுக்கள்தாம் அவர் கண்ணில் நிலைத்தன. 'நட்சத்திர அணுக்கள்' என்றே பெயர் வைத்தார்.

1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் மெச்னிகோஃப், கண்ணாடி போல் தெளிந்த நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு முள்ளைச் செருகினார். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் அணுக்கள் மொய்த்திருந்தன. உடம்புக்குள் காவலர்கள் இருக்கிறார்கள், அந்நியப் பொருளை விழுங்குகிறார்கள் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எண்ணம் பரவியிருந்த காலத்தில், கல்லீரலின் நுண்வழிகளுக்குள்ளேயே விழுங்கும் அணுக்கள் இருப்பதை 1898இல் போலந்தின் பிரோவிட்ஸ் சரியாக விவரித்தார். குப்ஃபரும் விலங்குகளின் ரத்தத்தில் மையைச் செலுத்திப் பார்த்தார். சில அணுக்கள் மைத்துகள்களை விழுங்கியிருந்தன. இவைதாம் இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் கண்ட நட்சத்திரங்கள் என்று அவர் முடிவு கட்டினார். அது தப்பு. அவர் பார்த்தவை வேறு இரண்டு அணுக்கள். நட்சத்திர அணு ரத்த வழிக்கு வெளியே, சுவரை அணைத்தபடி உட்கார்ந்திருப்பது. விழுங்கும் அணு வழிக்குள்ளேயே காவல் நிற்பது.

பெரியவர் சொன்னால் யார் மறுப்பது? விழுங்கும் அணுவுக்குக் 'குப்ஃபர் அணு' என்று பெயர் நிலைத்தது. இன்றும் அதுதான் பெயர். 1951இல் ஜப்பானின் தோஷியோ இதோ கொழுப்பைச் சேமிக்கும் அணு ஒன்றைப் புதிதாக விவரித்தார். 1971இல் கென்ஜிரோ வாக்கே என்ற இன்னொரு ஜப்பானியர் குப்ஃபரின் பழைய தங்கச் சாய முறையைத் திரும்பச் செய்தார். சாயம் ஏறியது விழுங்கும் அணுவில் அல்ல, இதோவின் கொழுப்பு அணுவில். எழுபது ஆண்டுக் குழப்பம் அப்படித்தான் தீர்ந்தது. ஆனால் பெயர்ப்பலகையை யாரும் கழற்றவில்லை. குப்ஃபர் அணு என்று நாம் சொல்வது குப்ஃபர் முதலில் கண்ட அணு அல்ல.

இந்த ஆள்மாறாட்டத்தை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. போர்ட்டல் அழுத்தத்தின் கதையே இந்த இரண்டு அணுக்களுக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தைதான். 1985இல் அமெரிக்காவின் ஸ்காட் ஃப்ரீட்மன் குழு, கல்லீரலில் தழும்பு நாரைச் சுரப்பது முக்கியமாக நட்சத்திர அணு என்று காட்டியது. தழும்பு போடுவதோடு, அது தசைபோல் சுருங்கி ரத்த வழியை நெரிக்கவும் செய்கிறது. ஆனால் தானாகச் செய்வதில்லை. வழிக்குள் நிற்கும் குப்ஃபர் அணுவும் வெளியிலிருந்து வந்து குவியும் மற்ற எதிர்ப்பு அணுக்களும் ஆபத்து என்று கூவும்போதுதான் செய்கிறது. ஆரம் பத்து விழுக்காடு குறைகிறது. தடை ஒன்றரை மடங்காகிறது.

முட்டையைச் சுற்றி ஒரு மதில்

காவலர்களே குழாயை அடைக்கிறார்கள் என்பதற்கு மிகத் தெளிவான சாட்சி எகிப்திலிருந்து வந்தது.

1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் பிணப் பரிசோதனையில் போர்ட்டல் சிரைக்குள் புழுக்களைக் கண்டார். நைல் கரை வயல்களில் நத்தை வழியாகப் பரவும் சிஸ்டோசோமா புழு அது. குடலின் சிரைகளில் ஜோடியாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடும். முட்டைகளில் ஒரு பங்கு ரத்த ஓட்டத்தில் கல்லீரலுக்கு அடித்துச் செல்லப்பட்டுச் சிறு சிரைகளில் சிக்கும். 1904இல் கெய்ரோவில் சிம்மர்ஸ் என்ற நோய்க்கூறியலாளர் அந்தக் கல்லீரல்களை வெட்டிப் பார்த்தபோது, களிமண் புகைக்குழாய்களைச் செருகிவைத்ததுபோல் வெள்ளைத் தழும்புகள் தெரிந்தன. அந்த நோயாளிகளின் கல்லீரல் பெரும்பாலும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். அவர்கள் சாவது ரத்தம் கக்கித்தான்.

முட்டை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதானே என்றுதான் முதலில் தோன்றும். 1960களில் அமெரிக்காவின் கென்னத் வாரன் அதைச் சோதித்தார். எலிகளின் நுரையீரலுக்கு முட்டைகளை அனுப்பினார். ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் எதிர்ப்பு அணுக்கள் மதில்போல் சூழ்ந்து முடிச்சானது. ஏற்கெனவே முட்டையோடு பழகிய எலியில் முடிச்சு இன்னும் வேகமாக, இன்னும் பெரிதாக வந்தது. பிறந்தவுடன் தைமஸ் சுரப்பியை, அதாவது டி அணுக்களின் பள்ளிக்கூடத்தை, நீக்கிய எலியில் முடிச்சு சிறிதாகவே இருந்தது. முட்டை அதே முட்டைதான். குழாயை அடைத்தது முட்டையின் பருமன் அல்ல, அதைச் சுற்றி எழுந்த காவல்.

அதற்காகக் காவலே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. முட்டை கசியவிடும் நஞ்சைத் தடுப்பதும் அந்த மதில்தான். இந்தப் புழுவுக்கு நம் நாட்டிலும் ஒரு சொந்தம் உண்டு. தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்களிடம் அறியப்பட்ட ஓர் இனத்துக்கு 1988இல் 'மலாயென்சிஸ்' என்று நம் நாட்டுப் பெயரையே வைத்தார்கள்.

முப்பது வருட மௌனம்

மாமாவின் கடிதத்தில் புழு இல்லை. ஹெபடைடிஸ் பி இருந்தது. 1965இல் அமெரிக்காவின் பாருக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் ரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டதாக எழுதினார். அது இந்த வைரஸின் மேலுறை என்று சில ஆண்டுகளில் தெளிவானது. 1976இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆனால் வைரஸ் கல்லீரலை எப்படி அழிக்கிறது?

விடை விசித்திரமானது. இந்த வைரஸ் தான் தங்கும் அணுவைப் பொதுவாகக் கொல்வதில்லை. 1990களில் கலிபோர்னியாவில் பிரான்சிஸ் சிசாரியின் குழு, பிறப்பிலிருந்தே வைரஸ் புரதத்தைத் தயாரிக்கும் எலிகளை வளர்த்தது. அந்தப் புரதத்தைத் தன் உடம்பின் பகுதியாகவே எலி எடுத்துக்கொண்டது, நோய் வரவில்லை. அதை அந்நியனாக அடையாளம் காணும் டி அணுக்களை வெளியிலிருந்து செலுத்தியதும் கல்லீரல் அழற்சி வந்தது. வீட்டைக் கொளுத்தியவன் திருடன் அல்ல, திருடனைத் தேடி வந்த காவல்காரன்.

தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்று வாங்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நிலைத்துவிடுகிறது. பெரியவர்களாகி வாங்கினால் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. குழந்தையின் காவலர்கள் பல ஆண்டுகள் கண்டும் காணாமல் இருப்பார்கள். முப்பது வயதை ஒட்டி விழித்துக்கொள்வார்கள். அடிப்பார்கள், ஓய்வார்கள், மறுபடி அடிப்பார்கள். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தழும்பு. வெளியே ஒன்றும் தெரியாது. மாமா காலையில் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

தழும்போடும் முடிவதில்லை. அழுத்தம் ஏறிய குடலின் சுவர் கசியத் தொடங்கும். கிருமிகளின் துணுக்குகள் போர்ட்டல் ரத்தத்தில் கல்லீரலுக்கு வரும். குப்ஃபர் அணு இன்னும் உரக்கக் கூவும். 2007இல் மியூனிக் ஆய்வாளர்கள் எலிகளில் இதை அளந்தார்கள். குப்ஃபர் அணுக்களைத் தூண்டியதும், அவை வெளியிட்ட திராம்பாக்சேன் என்ற பொருளால் போர்ட்டல் அழுத்தம் அப்போதைக்கப்போதே ஏறியது. ரத்தம் கக்கி வரும் சிரோசிஸ் நோயாளிக்கு இன்று சிரையைக் கட்டுவதோடு ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கிறார்கள். அதனால் மறுபடி ரத்தம் போவதும் மரணமும் குறைகின்றன. குழாய்க்காரன் கண்ணுக்கு இதில் ஒரு பொருத்தமும் தெரியாது.

நான் நிரூபிக்க நினைத்தது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'மாமா குடிகாரர் இல்லை' என்று நிரூபிக்கத்தான் இதையெல்லாம் படித்தேன். கடிதத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடவும் ஆசை இருந்தது.

அப்போதுதான் 1994இல் வட கரோலினாவில் நடந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. எலிகளுக்குத் தொடர்ந்து மதுவைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் குப்ஃபர் அணுக்களை முன்பே அழித்துவிட்டார்கள். அந்த எலிகளின் கல்லீரல் பெருமளவு தப்பியது. மதுவும் குடலைக் கசியவைத்து, இதே காவலர்களைக் கிளப்பிவிட்டுத்தான் கல்லீரலைக் கெடுக்கிறது.

அப்படியென்றால் மாமா உண்மையிலேயே குடித்திருந்தாலும் உள்ளே நடந்தது ஏறக்குறைய இதுவே. எங்கள் லயத்தில் சம்சு குடித்து, வயிறு ஊதி, இதேபோல் போன ஆட்கள் உண்டு. அவர்களைப் பற்றி இப்படி ஒரு கட்டுரை எழுத எனக்குத் தோன்றியதேயில்லை. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே நடத்தியது வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகம். 1940களின் பிற்பாதியில் அதை எதிர்த்துக் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. அந்த வரலாற்றையெல்லாம் மறந்துவிட்டு, செத்தவன் தப்பு செய்தான் என்ற தீர்ப்பை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். முனி போய்விட்டது, குடி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மாமாவை மட்டும் அந்தத் தீர்ப்பிலிருந்து விடுவித்து மற்றவர்களை உள்ளேயே விட்டுவந்தால், நானும் அதே பஞ்சாயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். படத்தைக் குழுவில் போடவில்லை. மாமாவின் மகளிடம் மட்டும் கடிதத்தைக் கொடுத்தேன்.

கடிதம் வேறொரு கேள்வியையும் கேட்டது. மாமாவுக்கு எங்கிருந்து வந்தது? பாட்டியிடமிருந்து என்றால், பாட்டி பெற்றது மாமாவை மட்டும் அல்ல. மலேசியாவில் 1989 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசி போடுகிறார்கள். நான் அதற்குப் பிறகு பிறந்தவன். அம்மா முன்னால் பிறந்தவர்.

"எனக்கு எதுக்குடா டெஸ்ட்டு? நான் என்ன குடிக்கிறனா?" என்றார் அம்மா. பதினாறு வருடமாக நாங்கள் எல்லோரும் நம்பிய மருத்துவம் அந்த ஒரு வரியில் இருந்தது. மூன்று வாரம் பேசி அழைத்துப் போனேன். ரியாக்டிவ். ஸ்கேனில் தழும்பு தொடங்கியிருந்தது. எனக்குத் தொற்று இல்லை.

கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில், படித்ததில் நல்ல பகுதியை மட்டும் அம்மாவுக்குச் சொன்னேன். 2005இல் எடின்பரோவில் எலிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. காயம் நடக்கும்போது விழுங்கும் அணுக்களை நீக்கினால் தழும்பு குறைந்தது. காயம் நின்ற பிறகு அவற்றை நீக்கினால் தழும்பு கரையாமல் நின்றுபோனது. அதாவது சுவரை எழுப்பியவர்களே அதை இடிக்கவும் வருகிறார்கள், சண்டை நின்றால் போதும். 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்தாண்டு சாப்பிட்ட 96 சிரோசிஸ் நோயாளிகளில் 71 பேருக்கு அந்த நிலை விலகியிருந்தது. கல்லீரல் தழும்பு ஒருவழிப் பாதை என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணனுக்கு இந்த மாத்திர இருந்துச்சாடா அப்ப?" என்றார்.

அதேபோன்ற மாத்திரைகள் அப்போதே இருந்தன. அந்தக் கடிதத்தை யாராவது தமிழில் படித்துச் சொல்லியிருந்தால் போதும். பதில் சொல்லாமல் வண்டியை ஓட்டினேன். மறுநாள் காலை அம்மா மாத்திரைப் பெட்டியை சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். மாமாவின் பிள்ளைகள் மூவரும் அடுத்த வாரம் சோதனைக்குப் போகிறார்கள். மூத்தவள்தான் எல்லோருக்கும் நாள் வாங்கியிருக்கிறாள்.